ஒரு ரூபாய் கமிஷனுக்கு யார் மலையேறுவார்?

இன்சூரன்ஸ் துறையில் இருக்கிற யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பத்து நிமிஷத்துக்குள் அந்த வசனம் வந்து விழும். "நம்ம ஜனங்களுக்கு விழிப்புணர்வே இல்லைங்க." படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள், நோயை மறைக்கிறார்கள், பாதியில் கட்டாமல் விட்டுவிடுகிறார்கள், அப்புறம் பணம் வரவில்லை என்று கத்துகிறார்கள்... எல்லாத் தப்பும் வாங்கினவன் தலையில்.

இது வடிகட்டின பொய். ஜனங்களுக்குக் கேள்வி கேட்கத் தெரியாமல் இல்லை. சரியான கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். எந்தப் பதிலில் கமிஷன் இல்லையோ அந்தப் பதிலை யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான் விஷயம். சந்தேகம் இருந்தால் ஏற்காட்டை எடுத்துக்கொள்ளலாம்.

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. டூரிஸ்டுக்கு ஏரி, லேடீஸ் சீட், பக்கோடா பாயிண்ட், ஒரு தட்டு மிளகாய் பஜ்ஜி. அதைத் தாண்டி நாகலூர், செம்மநத்தம், மாரமங்கலம் என்று சேர்வராயன் மலை முழுக்க ஊர்கள் கிடக்கின்றன. இங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி பழங்குடியினர் (பெயரைப் பார்த்துக் கேரளா என்று நினைக்க வேண்டாம், வீட்டில் பேசுவது தமிழ்தான்). காபி எஸ்டேட்டில் கூலி, கொஞ்சம் சொந்தக் காடு, கொஞ்சம் மிளகு. இவர்களுக்கு வரக்கூடிய ஆபத்துகள் என்னென்ன? சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்து மிளகு பறிக்கும்போது விழலாம். காபிச் செடிக்கு அடியில் பாம்பு இருக்கலாம். விடியற்காலையில் காட்டெருமை எதிரே வரலாம். வளைவில் வண்டி உருளலாம். அப்புறம் எல்லா ஊரிலும் இருக்கிற சுகர், பி.பி., நெஞ்சுவலி.

இந்த மலைக்கு முதலில் ஏறி வருகிற பாலிசி எது தெரியுமா? எண்டோமென்ட். "சேமிப்புக்கு சேமிப்பு, பாதுகாப்புக்கு பாதுகாப்பு."

"கட்டின காசு திரும்ப வருமா?" என்று கூலிக்காரர் கேட்கிறார். படித்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்க என்ன இருக்கிறது? தினக்கூலியில் பிடித்து வைக்கிற காசு எங்கே போகிறது என்று கேட்பது அறிவுள்ள கேள்விதான். ஏஜெண்டின் பதில்தான் கோளாறு. "போனஸோட வரும்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். முழுப் பதில் இப்படி இருக்க வேண்டும். வருஷத்துக்கு 12,000 ரூபாய் வீதம் 20 வருஷம் கட்டுகிற பாலிசி என்று வைத்துக்கொள்வோம். கட்டுகிற மொத்தம் 2,40,000. இந்த மாதிரி பாலிசிகளில் காப்பீட்டுத் தொகையும் ஏறக்குறைய அதே அளவில்தான் நிற்கும். அதாவது மூன்றாம் வருஷம் அந்த மனிதர் இறந்துபோனால் குடும்பத்துக்கு இரண்டு, இரண்டரை லட்சம். உயிரோடு இருந்தால் 20 வருஷம் கழித்து ஒரு தொகை. அந்தத் தொகையின் வட்டியைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் போஸ்ட் ஆபீஸ் சேமிப்பை எட்டினாலே ஆச்சரியம்.

இரண்டாம் வருஷம் கட்ட முடியாமல் போனால்? காபி விலை விழுந்தாலோ, வீட்டில் ஒரு கல்யாணம் வந்தாலோ இது நடக்கிற கதைதான். ரொம்ப காலத்துக்கு, ஒரு வருஷம் கட்டிவிட்டு நிறுத்தினால் சல்லிக்காசு திரும்பாது. ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. தலையிட்டு, 2024 அக்டோபர் 1 முதல், முழு முதல் வருஷ ப்ரீமியம் கட்டியிருந்தாலே சரண்டர் மதிப்பு ஏதாவது கொடுத்தாக வேண்டும் என்று மாற்றியது. இதை மலையேறி வந்து சொல்பவர் யார்?

இதே இரண்டு லட்சம் வருஷத்துக்கு 436 ரூபாயில் கிடைக்கிறது. 2015 மே 9 அன்று தொடங்கிய பிரதம மந்திரி ஜீவன் ஜோதி திட்டம். 18 முதல் 50 வயதுக்குள் சேரலாம், 55 வரை நீடிக்கும், எப்படி இறந்தாலும் 2 லட்சம். கூடவே தொடங்கிய சுரக்ஷா திட்டம் வருஷத்துக்கு 20 ரூபாய், விபத்தில் இறந்தால் 2 லட்சம், 70 வயது வரை. இரண்டும் சேர்த்து 456 ரூபாய். ஒரு நாளைக்கு ஒன்றேகால் ரூபாய், ஒரு டீக்குக்கூடப் பத்தாது. காசு திரும்ப வராதுதான். ஆனால் மிச்சமாகிற பதினோராயிரத்துச் சொச்சத்தை அவர் போஸ்ட் ஆபீஸில் போட்டுக்கொள்ளலாம், அது திரும்ப வரும்!

அப்படியானால் ஏன் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை? அந்த 20 ரூபாயில் ஆள் சேர்ப்பவருக்கு ஒதுக்கியிருப்பது 1 ரூபாய். எண்டோமென்டில் முதல் வருஷ ப்ரீமியத்தில் கால்வாசியும் அதற்கு மேலும் கமிஷனாகப் போவது துறையின் வழக்கம். 12,000-க்கு 3,000. மூவாயிரம் ரூபாய்க்கு 20 வளைவு ஏறலாம். ஒரு ரூபாய்க்கு யார் ஏறுவார்? ஏஜெண்டைத் திட்டுவதில் அர்த்தமில்லை, அவருக்கும் பெட்ரோல் போட வேண்டும், பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டும். விற்றால் மட்டும் கூலி, விளக்கினால் கூலி கிடையாது என்று வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

சேர்ந்துவிட்டால் மட்டும் போதுமா? அங்கேதான் அடுத்த பள்ளம். மரத்திலிருந்து விழுந்தால், பாம்பு கடித்தால் அந்த 20 ரூபாய் பாலிசி செல்லுமா என்று கேட்டால், செல்லும். திட்டத்தின் கேள்வி-பதில் விளக்கத்திலேயே இந்த இரண்டும் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் ஒரு நிபந்தனையும் கூடவே இருக்கிறது: உடனடியாக எடுத்த மருத்துவமனைப் பதிவு வேண்டும். இந்த ஒரு வரியில்தான் குடும்பங்கள் தோற்கின்றன. பாம்பு கடித்தால் முதலில் வேர் கொடுப்பவரிடம் ஓடுவது, நடுவழியில் உயிர் போனால் ஆஸ்பத்திரிக்குப் போகாமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்து அடக்கம் செய்வது, பிரேதப் பரிசோதனை என்றால் உடம்பை அறுப்பார்கள் என்று பயப்படுவது... மலையில் மட்டுமில்லை, சமவெளிக் கிராமங்களிலும் இதுதான். ஆஸ்பத்திரி சீட்டு இல்லையென்றால் இரண்டு லட்சம் இல்லை. 108 வண்டியைக் கூப்பிட்டு ஏற்காடு அரசு மருத்துவமனை வரை கொண்டுபோயிருந்தால் உயிரும் பிழைத்திருக்கலாம், பிழைக்காவிட்டாலும் ஒரு சீட்டு இருந்திருக்கும். இதைச் சொல்ல எம்.பி.ஏ. படித்திருக்க வேண்டியதில்லை. பாஸ்புக்கில் ஒரு தாள் ஒட்டினால் போதும். எந்த வங்கியும் ஒட்டவில்லையே!

இன்னொரு வேடிக்கை, பணம் எடுக்கிற நேரம். இரண்டு திட்டங்களுக்கும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் போவது மே கடைசி வாரம். காபி பறிப்பு நவம்பரில் தொடங்கி பிப்ரவரி வாக்கில் முடிகிறது. மே மாதம் ஏற்காட்டில் கோடை விழா கூட்டம், பூக்காட்சி, ஹோட்டலில் ரூம் கிடையாது. அதே மே மாதம்தான் எஸ்டேட் கூலிக்காரர் கணக்கு காய்ந்து கிடக்கிற மாதம். 456 ரூபாய் இல்லையென்றால் பாலிசி ஜூன் 1 அன்று செத்துப்போகும். மறுபடி சேரலாம்தான், ஆனால் ஜீவன் ஜோதியில் புதிதாகச் சேர்ந்து முதல் 30 நாளில் விபத்தல்லாத மரணம் என்றால் பணம் கிடையாது. டெல்லியில் உட்கார்ந்து மே 31 என்று தேதி குறித்தவருக்கு சேர்வராயன் மலையில் எப்போது காசு புரளும் என்று எப்படித் தெரியும்?

அடுத்த கேள்வி, மலைக்கும் சமவெளிக்கும் பொதுவானது. "எனக்கு சுகர் இருக்கே, ஃபாரத்துல சொல்லணுமா?" ஏஜெண்டின் வாயில் பெரும்பாலும் வருவது: "அதெல்லாம் எழுதாதீங்க, பாலிசி கிடைக்காது." இதைவிடப் பெரிய துரோகம் இந்தத் தொழிலில் இல்லை. சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் இந்த அறிவுரை எவ்வளவு அபத்தம் என்று புரியும். மருத்துவக் காப்பீட்டில், ஏற்கெனவே இருக்கிற நோய்க்குக் காத்திருக்க வேண்டிய காலம் 2024 ஏப்ரல் முதல் அதிகபட்சம் 3 வருஷம்தான் (முன்பு 4). அதாவது சுகர் இருக்கிறது என்று எழுதி, கம்பெனியும் ஏற்றுக்கொண்டால், மூன்று வருஷம் கழித்து அதற்கும் பணம் வரும். மறைத்தால்? விடாமல் 5 வருஷம் கட்டி முடிக்கிற வரைக்கும் கம்பெனி "நீ மறைத்தாய்" என்று கையை விரிக்கலாம். ஐந்து வருஷத்துக்குப் பிறகும் மோசடி என்று நிரூபித்தால் விரிக்கலாம். ஆயுள் காப்பீட்டில் 1938-ஆம் வருஷ இன்சூரன்ஸ் சட்டத்தின் 45-ஆவது பிரிவு, திருத்தத்துக்குப் பிறகு, மூன்று வருஷம் தாண்டிய பாலிசியை எந்தக் காரணத்துக்காகவும் கேள்வி கேட்கக் கூடாது என்கிறது. ஆக மறைத்தவர் மாட்டுவது முதல் சில வருஷங்களில். ஏஜெண்டின் பெரிய கமிஷன் கைக்கு வருவது முதல் வருஷத்திலேயே. கணக்கு சரியாக இருக்கிறதா?

அந்த ஃபாரம் ஆங்கிலத்தில். நிரப்புவது ஏஜெண்ட். கையெழுத்து மட்டும் வாடிக்கையாளருடையது. "எனக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட்டது" என்ற உறுதிமொழியும் அதே ஆங்கிலத்தில்! ஒன்றை மட்டும் கேட்டு வாங்க முடியும். பாலிசியின் முக்கிய விவரங்களைச் சுருக்கிச் சொல்லும் தகவல் தாளை, கேட்டால் உள்ளூர் மொழியில் கொடுக்க வேண்டும் என்று மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனிகளுக்கு 2024 முதல் விதி இருக்கிறது. கேட்டால்! கேட்கலாம் என்று தெரியாதவர் எப்படிக் கேட்பார்? தமிழ்நாட்டில் விற்கிற பாலிசிக்குத் தமிழ்த் தாள் தானாக வர வேண்டும், ஆங்கிலம் வேண்டுமென்கிறவர் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் பிடிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுக்கலாம் என்பதும் அதே ஆங்கிலக் காகிதத்தில் எங்கோ இருக்கிறது. க்ளெய்மை மறுத்தால் கம்பெனிக்குப் புகார் எழுதி, 30 நாளில் பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ ஒரு வருஷத்துக்குள் சென்னையில் இருக்கிற இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். பைசா செலவில்லை, வக்கீல் வேண்டாம், தபாலிலேயே அனுப்பலாம்.

"அதான் முதலமைச்சர் கார்டு இருக்கே, அப்புறம் என்ன?" என்பார்கள். இருக்கிறது, நல்ல திட்டம்தான். 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரி 11 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடாக மாறி, 2018-இல் மத்திய அரசுத் திட்டத்தோடு சேர்ந்து வருஷத்துக்கு 5 லட்சம் வரை ஆனது. இதய ஆபரேஷனுக்குக் கடன் வாங்காமல் வீடு திரும்பிய குடும்பங்கள் எத்தனையோ. ஆனால் இரண்டு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஒன்று, அது முக்கியமாகப் படுத்துச் செய்துகொள்ளும் சிகிச்சைக்குத்தான். மாசாமாசம் வாங்குகிற மாத்திரைக்கும், சேலம் போய் வருகிற பஸ் சார்ஜுக்கும், போன அன்றைக்கு விட்ட கூலிக்கும் கிடையாது. ஏழைக் குடும்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பது இவைதான்.

இரண்டு, வருமான வரம்பு. குடும்பத்துக்கு வருஷம் 1,20,000 ரூபாய், 2022-க்கு முன்பு 72,000. மாசத்துக்குப் பத்தாயிரம் என்று அர்த்தம். எஸ்டேட்டில் மாசம் 12,000 சம்பாதிக்கிற ஒருவர் என்று வைத்தால் வருஷத்துக்கு 1,44,000, வரம்புக்கு வெளியே. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் காபி பறித்தால் சொல்லவே வேண்டாம். 2011 கணக்கெடுப்புப் பட்டியலில் பெயர் இருக்கிற குடும்பங்கள் தப்பித்தார்கள். மற்றவர்களுக்கு வருமானச் சான்றிதழில் வி.ஏ.ஓ. ஒரு எண் எழுதுவார், எல்லோருக்கும் தெரியும் அது என்ன எண் என்று. பொய் எழுதினால்தான் உயிர் பிழைக்கலாம் என்று ஒரு திட்டம் ஜனங்களை ஏன் நிறுத்த வேண்டும்? அப்புறம் அந்தச் சான்றிதழை எடுத்துக்கொண்டு கார்டுக்காகச் சேலம் கலெக்டர் ஆபீஸுக்கு இறங்க வேண்டும். ஒரு நாள் கூலி போச்சு.

மலை இறங்குவது என்றதும் இன்னொரு காப்பீடு ஞாபகம் வர வேண்டும். 2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிய தனியார் பஸ் ஒன்று கொண்டை ஊசி வளைவில் பள்ளத்தில் பாய்ந்தது. உயிரிழப்பு நேர்ந்தது, பலர் காயமடைந்தார்கள். இப்படிப்பட்ட விபத்தில் பயணிக்கு, தான் ஒரு பைசா ப்ரீமியம் கட்டாமலே, பஸ்ஸின் இன்சூரன்ஸில் உரிமை உண்டு. யார் தப்பு என்று நிரூபிக்காமலே மரணத்துக்கு 5 லட்சம், பலத்த காயத்துக்கு இரண்டரை லட்சம் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. 20 ரூபாய் பாலிசிப் பணம் இதற்கு மேலே தனியாக வரும், ஒன்றை வாங்கினால் இன்னொன்று கிடையாது என்பதில்லை. ஆனால் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிற பிக்கப் வண்டி? அது சரக்கு வண்டி. சரக்கு வண்டியில் பயணியாக ஏறினவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. விடிகாலையில் பின்பக்கம் நின்றுகொண்டு போகிற பெண்களுக்கு இதை யார் சொன்னார்கள்?

கடைசியாக, விற்பனைக்கே வராத ஒரு காப்பீடு. இ.எஸ்.ஐ. மருந்து மாத்திரை உண்டு, வெளிநோயாளி சிகிச்சை உண்டு, குடும்பத்துக்கும் உண்டு. நோயில் படுத்தால் வருஷத்தில் 91 நாள் வரைக்கும் சம்பளத்தில் 70 சதவீதம் கையில் கொடுப்பார்கள். வேலையில் அடிபட்டு இறந்தால் குடும்பத்துக்கு மாதாமாதம் பணம். வேலைக்குப் போகும் வழியில், வரும் வழியில் நடக்கிற விபத்தும் சேர்த்தி, அந்த பிக்கப் உட்பட. மேலே சொன்ன எந்தப் பாலிசியும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. மாசம் 12,000 சம்பளம் என்றால் தொழிலாளி கட்ட வேண்டியது 90 ரூபாய், முதலாளி கட்ட வேண்டியது 390.

இது ஏன் எஸ்டேட்டில் இல்லை? தோட்டங்களை 1951-ஆம் வருஷத் தோட்டத் தொழிலாளர் சட்டம் பார்த்துக்கொள்ளும், வைத்திய வசதியை முதலாளியே செய்து தருவார் என்று பல பத்தாண்டுகள் இ.எஸ்.ஐ.க்கு வெளியே வைத்திருந்தார்கள். அந்தச் சட்டமோ 5 ஹெக்டேருக்குக் குறையாத, 15 பேருக்குக் குறையாத தோட்டங்களுக்குத்தான். சின்னத் தோட்டத்தில் கூலிக்குப் போனவர் அதற்கும் வெளியே, இதற்கும் வெளியே. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு தோட்டங்களுக்கு இ.எஸ்.ஐ. கதவைத் திறந்தது. எப்படி? முதலாளி விருப்பப்பட்டால் சேரலாம்! நோயாளிக்கு மருந்து வேண்டுமா என்று மெடிக்கல் ஷாப் முதலாளியின் விருப்பத்தைக் கேட்கிற மாதிரி.

மற்ற தொழில்களில், பத்துப் பேர் வேலை செய்கிற பட்டறையில்கூட, யாரும் விருப்பம் கேட்பதில்லை. கட்டு என்கிறது சட்டம், கட்டுகிறார்கள். காபிக்கு மட்டும் என்ன தனி மரியாதை? சின்ன விவசாயிக்குச் சுமை என்றால் அந்த 390-இல் ஒரு பங்கை காபி வாரியமோ அரசோ ஏற்கட்டும், பேசித் தீர்க்கிற விஷயம்தான். கீழே சேலத்தில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. ஆள் சேர்ந்தால்தான் மலைமேல் ஒரு டிஸ்பென்சரி வேண்டும் என்று கேட்கவே முடியும்.

வருகிற நவம்பரில் மறுபடி பறிப்பு தொடங்கும். அதற்குள் எத்தனை எஸ்டேட் விருப்பம் தெரிவித்திருக்கிறது என்று இ.எஸ்.ஐ. கழகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு அந்தக் கட்டணமும் கிடையாது.